நூற்று நாற்பது தப்படி

நவம்பர் 7

நீர்மட்டம் இருபத்து மூன்றரை அடி. மழை இல்லை. கசிவு இரண்டு.

இந்த மூன்றையும் அலுவலகப் பதிவேட்டில் காலையிலேயே எழுதிவிட்டேன். இது உரக்கடையில் கொடுத்த டைரி. என் வீட்டுக்காரருக்கென்று கொடுத்தது. அவர் இதைத் தொடவே இல்லை. எல்லாவற்றையும் சட்டைப்பைக்குள் அடங்கும் சின்ன நோட்டில்தான் எழுதுவார். கரையில் எது கண்ணில் பட்டாலும் தனியாக எழுதி வையுங்கள், பிறகு பேச உதவும் என்று செல்வின் சார் சொன்னதால் எடுத்தேன். செல்வின் சார்தான் இந்த அணைக்கு இன்ஜினியர். இந்த அணைக்கு மட்டுமில்லை, இன்னும் இருபத்து மூன்று குளங்களுக்கும் அவரேதான்.

முதல் பக்கத்தில் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறார்கள். பெயர்: பொன்னுக்கனி. விலாசம்: குறும்பாறை அணை, லஸ்கர் குடியிருப்பு. ரத்த வகை: தெரியாது. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: தவசிக்கண்ணு என்று எழுதிவிட்டு, அப்புறம் அடித்தேன்.

பதினாறாம் நாள் விசேஷம் நேற்று முன்தினம் முடிந்தது. மகள் கனகவேணி திருப்பூருக்குத் திரும்பிவிட்டாள். அவர் இடத்தில் கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ளப் புது லஸ்கர் வரும் வரைக்கும் தினக்கூலிக்கு நானே அளவு எடுக்கலாம் என்று சார் சொல்லியிருக்கிறார். உரலில் உளுந்து கிடக்கிறது. யாருக்கு ஊறப்போட்டேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 8

நேற்று போலவே. கசிவு இரண்டு. கோழி மூன்று முட்டை.

நவம்பர் 10

இருபத்து நாலு அடி. மழை எட்டு மில்லிமீட்டர். கசிவு இரண்டு.

கரையில் முளைத்திருந்த வேப்பங்கன்றுகளைப் பிடுங்கினேன். பதினேழு. மண்கரையில் மரம் நிற்கக் கூடாது. வேர் உள்ளே போகும், மரம் செத்தால் வேர் மக்கும், மக்கிய இடம் தண்ணீருக்குப் பாதையாகும். நண்டு வளை இரண்டைக் களிமண் திணித்து மூடினேன். மதகுச் சக்கரத்துக்குக் கிரீஸ் தடவினேன். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து பார்க்கிற வேலைதான், கை தன்னால் செய்கிறது.

பிறகு கசிவுத் தொட்டியைக் கழுவினேன். மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவு கரையின் அடியில் புதைத்த வடிகுழாய் வழியாக வந்து இந்தத் தொட்டியில் விழும். தொட்டி வாயில் நடுவில் வெட்டுவிட்ட ஒரு தகடு இருக்கும். தகட்டில் தண்ணீர் எத்தனை சென்டிமீட்டர் வழிகிறதோ அதுதான் கசிவு. வாரம் ஒருமுறை அவர் அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, தேதி ஒட்டி, தொட்டி இருக்கும் கொட்டகையின் ஜன்னலில் வரிசையாக வைப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். தெளிந்து இருந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது என்று அர்த்தம். கலங்கி இருந்தால் கரையின் மண்ணும் கூட வருகிறது என்று அர்த்தம்.

கடைசிப் பாட்டிலில் அக்டோபர் பன்னிரண்டு என்று ஒட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு பாட்டில் இல்லை. நானும் பிடிக்கவில்லை.

கொட்டகையில் முன்பெல்லாம் எந்நேரமும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். இப்போது பல்லி கத்துவது கேட்கிறது.

நவம்பர் 13

இருபத்து நாலரை. கசிவு இரண்டு.

தம்பி மாடக்கண்ணு வந்தான். வெண்டைக்காய் கொண்டுவந்தான். பிசான நெல்லுக்கு நடவு முடிந்துவிட்டதாம், நாலு ஏக்கரும். அவன் வயல் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கிறது. மூன்று வருஷமாக அந்தக் கோடி வரை தண்ணீர் போய்ச் சேரவில்லை. இந்த வருஷம் அணை நிரம்பினால் போகும்.

அணை நிரம்பலாமா என்பதில்தான் செப்டம்பரில் பேச்சு வந்தது. கசிவு பத்தைத் தாண்டினால் இருபத்திரண்டு அடிக்கு மேல் தேக்கக் கூடாது என்று செல்வின் சார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போது கசிவு எட்டரை. தம்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் வீட்டுக்காரி வந்து சொன்னாள்.

இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டான். கசிவு எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன். தலையாட்டினான். அவருடைய படத்துக்கு முன்னால் போய் நிற்காமல் கொல்லைப்புறமாகவே போய்விட்டான்.

நவம்பர் 14

அவருடைய சின்ன நோட்டு கிடைத்தது. அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையோடு ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் அப்படியே இருந்தது. பென்சிலும் இருந்தது. நனைந்து காய்ந்ததில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இட்லித் தட்டின் ஆவியில் காட்டிப் பிரித்தேன்.

கடைசி நாலு பக்கங்கள்:

அக்டோபர் 18. கசிவு ஒன்பதரையில் இருந்து இரண்டு. மட்டம் குறையவில்லை. தண்ணீர் எங்கே போகிறது? மதகில் இருந்து முப்பது தப்படி வரை கம்பு ஊன்றிப் பார்த்தேன். மேலே மழை ஈரம்தான், உள்ளே காய்ந்திருக்கிறது.

19. எழுபது வரை காய்ந்திருக்கிறது.

20. நூற்றைந்து வரை காய்ந்திருக்கிறது. மூச்சு வாங்குகிறது.

21. நூற்று நாற்பது வரை காய்ந்திருக்கிறது.

அவ்வளவுதான். இருபத்தொன்றாம் தேதி அங்கேதான் கிடந்தார். கம்பு மண்ணில் ஊன்றியபடி நின்றது. காய்ச்சல் உடம்போடு மழையில் அலைந்தால் இதயம் என்ன செய்யும் என்று டாக்டர் கேட்டார். ஊரிலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

அந்த நாலு நாளும் அலுவலகப் பதிவேட்டில் "கரையின் நிலை" என்ற கட்டத்தை அவர் காலியாக விட்டிருக்கிறார். நான் தினமும் "நன்று" என்று எழுதிவருகிறேன்.

நவம்பர் 17

இருபத்தைந்தரை. மழை முப்பத்தொன்று. கசிவு இரண்டு.

பேச்சியம்மாள் ஆடுகள் கரைச்சரிவில் ஒரே இடத்தில் குமிந்து மேய்கின்றன. விரட்டப் போனேன். பேச்சியம்மாள் கொன்றையடியூர்க்காரி. அணைக்கு நேர் கீழே இருக்கிற ஊர், அறுபத்திரண்டு வீடு. என்னை மதினி என்பாள், உறவெல்லாம் இல்லை, வழக்கம்.

"நான் என்ன செய்ய மதினி, பச்சையா இருக்கிற எடத்துலதானே ஆடு மேயும். இங்கன மட்டும் புல்லு எப்படிக் கெடக்கு பாருங்க" என்றாள்.

கெடந்தது. கரையின் அடியில் இருந்து ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, பாய் விரித்த அளவுக்குக் கரும்பச்சை. சுற்றிலும் எல்லாம் சாதாரணப் புல். மதகில் இருந்து அவர் மாதிரி எட்டி வைத்துத் தப்படி எண்ணினேன். நூற்று ஐம்பத்திரண்டு.

மத்தியானம் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. வெண்டைக்காய் முற்றல்.

நவம்பர் 18

அந்தப் புல்லில் காலை வைத்துப் பார்த்தேன். கணுக்கால் வரை உள்ளே போனது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரியத்தான் விட்டேன். செருப்பை எடுக்கக் கையை விட வேண்டியிருந்தது. ஊறிவந்த தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது.

கரையின் நிலை: நன்று.

நவம்பர் 19

இருபத்தாறு. கசிவு இரண்டு. தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை.

நவம்பர் 21

கனகவேணி காலையில் போன் செய்தாள். நாற்பதாம் நாளுக்கு வருகிறாளாம். அவள் அப்பா எனக்கு எடுத்துக் கொடுத்த நீலச் சுங்குடிச் சேலையை அவளுக்குக் கொடுக்க வேண்டுமாம். அவர் சங்கரன்கோவில் தபசுத் திருவிழாவுக்குப் போனபோது வாங்கிவந்தது. அதைக் கட்டிக்கொண்டு படத்துக்கு மாலை போட வேண்டும் என்று சொன்னாள்.

எலி கடித்துவிட்டது என்றேன். "கடிச்சாப் பரவால்ல, கிழிஞ்சதாவது தாங்கம்மா" என்றாள். அதையும் எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றேன். ஒரு முழுச் சேலையை இழுக்கிற எலி என்ன எலியோ. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் அழுவதாக நினைத்திருப்பாள். நான் அழவில்லை. இந்த ஒரு மாதத்தில் ஒரு சொட்டு வரவில்லை. கண்ணில் ஏதோ வறட்சி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், என் காதுபடவே.

நவம்பர் 24

இருபத்தேழரை. மழை அறுபத்து நாலு. கசிவு இரண்டு.

தம்பியை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். அந்த ஈரத்தைக் காட்டினேன். வெறுங்காலோடு மிதித்துப் பார்த்தான். சகதி ஒட்டிய காலைப் புல்லில் ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

எடுத்துவிடலாம் என்று சொன்னேன். குழாயில் இருப்பதை.

இப்போது வேண்டாம் என்றான். எடுத்தால் கசிவு ஒரேயடியாக ஏறும், சார் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்வார், நட்ட பயிர் தையில் தண்ணீர் இல்லாமல் கருகும். மாசியில் கதிர் அறுத்த கையோடு தானே வந்து எடுத்துவிடுவதாகச் சொன்னான். அதுவரைக்கும் கரை நிற்குமா என்று கேட்டேன். அறுபது வருஷமாக நிற்கிற கரை என்றான்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"அப்படியே ஒண்ணு ஆச்சுன்னாலும், அத்தான் செஞ்சாவன்னு சொல்லிரு அக்கா. செத்துப்போனவியள யாரு என்ன செய்யப் போறா? உனக்கு ஒரு கொறையும் வராது."

அவனுக்கு மோர் கொடுத்தேன். குடித்தான். அவன் கெட்டவன் இல்லை. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றால் அவன் சாப்பிட மாட்டான். நாலு ஏக்கரையும் மூன்று வருஷம் தரிசாகப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

யோசித்துப் பார்க்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அணையைச் சேலையில் மறைத்தவளை என்ன சொல்வார்கள்?

நவம்பர் 25

இன்றைக்குக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. காலியாக விட்டேன்.

நவம்பர் 26

இருபத்தொன்பது அடி. மழை நூற்றுப் பன்னிரண்டு. ஈரத்தின் நடுவில் ஊற்று மாதிரிக் கொப்புளிக்கிறது. பாட்டிலில் பிடித்தேன். ஜன்னலில் வைத்து அக்டோபர் பன்னிரண்டோடு சேர்த்துப் பார்த்தேன். அது கண்ணாடி. இது டீத்தண்ணி.

பயமாக இருக்கிறது. போன் செய்யப் போகிறேன்.

நவம்பர் 27

கொன்றையடியூர் மேட்டுத்தெருவில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஊர் மொத்தமும் இங்கேதான் இருக்கிறது. பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்திப் பாய் விரித்திருக்கிறார்கள். பேச்சியம்மாள் ஆடுகளை மூன்றாம் வகுப்பில் கட்டிவிட்டாள்.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். செல்வின் சாரும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இங்கே எழுதிப் பார்த்துவிட்டு அவருக்கு எழுதுகிறேன்.

போனில் சொன்னதும் சார் ஒரே கேள்வி கேட்டார், தண்ணீர் கலங்கலா தெளிவா என்று. கலங்கல் என்றேன். மதகை முழுசாகத் திறங்க, கீழே ஊரைக் கிளப்புங்க, நான் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து சக்கரத்தைத் திருகினோம். முழுசாகத் திறக்க நூற்றுப் பத்துச் சுற்று. அறுபதில் அவள் கை பொத்துவிட்டது, முந்தானையைச் சுற்றிக்கொண்டு திருகினாள். தண்ணீர் வாய்க்காலை அடைத்துக்கொண்டு ஓடியது. அது எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். கடைமடையில் நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர். தெரிந்துதான் திருகினேன்.

பிறகு அவள் ஊருக்குள் ஓடினாள். சும்மா சொன்னால் யாரும் வீட்டைவிட்டு இறங்க மாட்டார்கள், வருஷா வருஷம் இப்படித்தான் சொல்வார்கள் என்பார்கள். அவள் முதலில் ஆடுகளை மேட்டுக்கு ஓட்டினாளாம். பேச்சி ஆட்டைக் கிளப்பிவிட்டாள் என்றால் விஷயம் நிஜம் என்று எல்லாரும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

சார் ஒரு மணி நேரத்தில் வந்தார். பின்னாலேயே லாரியில் மணலும் ஜல்லியும் ஆட்களும். ஊறுகிற இடத்தில் களிமண்ணைப் போட்டு அடைத்துவிடலாமா என்று ஓர் ஆள் கேட்டான். சாருக்கு வந்ததே கோபம்.

"அடைக்கவே கூடாதுய்யா. தண்ணிய விட்டுரணும், மண்ணத்தான் நிறுத்தணும்."

முதலில் மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் பெரிய கல் என்று பரப்பினார்கள். தண்ணீர் கல்லின் இடுக்கில் வழிந்தது. கலங்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

அப்புறம்தான் சார் கொட்டகைக்கு வந்தார். தொட்டியைப் பார்த்தார். இருபத்தொன்பது அடித் தண்ணீருக்குக் கசிவு இரண்டா என்று கேட்டார். வாரா வாரம் போனில் இரண்டு இரண்டு என்று சொன்னீர்களே, நானும் சந்தோஷமாக எழுதிக்கொண்டேனே என்றார். அவர் தன்னையே திட்டிக்கொண்டது போல இருந்தது. கொக்கி வளைத்த கம்பியைக் குழாய்க்குள் விடச் சொன்னார். இரண்டு ஆள் பிடித்து இழுத்தார்கள். களிமண் கட்டியாக வந்தது, பிறகு துணி, பிறகு இன்னும் துணி. நீலம். வெள்ளைப் புள்ளி. பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஊரைக் கிளப்பிவிட்டுத் திரும்பி வந்திருந்த பேச்சியம்மாள் சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பி வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் தம்பி வந்து சேர்ந்தான். இடுப்புவரை சேறு. பயிர் முழுக்கப் போய்விட்டது, யாரைக் கேட்டு மதகைத் திறந்தீர்கள் என்று கத்திக்கொண்டுதான் வந்தான். துணியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

யார் அடைத்தது என்று சார் கேட்டார். ஆட்களில் ஒருவன், தவசி அண்ணாச்சி கடைசி நாட்களில் ஒரு மாதிரியாகத்தான் அலைந்தார் என்றான். இன்னொருவன், கசிவு கூடினால் பேச்சு வாங்க வேண்டுமே என்று செய்திருப்பார் பாவம் என்றான். தம்பி என் முகத்தைப் பார்த்தான். அவன் கண்ணில் கெஞ்சல் இருந்தது.

"அவிய இல்ல சார். நான்தான். அவிய அதைத் தேடித்தான் செத்தாவ" என்றேன்.

இதைச் சொல்ல ஏழு வார்த்தையோ எட்டு வார்த்தையோதான் ஆனது. பேச்சியம்மாள் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள்.

மிச்சத்தையும் எழுதுகிறேன். அக்டோபர் பன்னிரண்டு காலையில் அவர் அளவு எடுத்தார், ஒன்பதரை. சாயங்காலம் காய்ச்சல் கூடித் தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெட் கிடைத்ததும், நீ போய்க் காலையில் அளவு எடு, ஒரு நாள்கூட விடக்கூடாது என்று என்னை அனுப்பிவிட்டார். பதின்மூன்றாம் தேதி தம்பி வந்தான். இன்னும் அரை சென்டிமீட்டர் ஏறினால் இந்த வருஷமும் போச்சு அக்கா என்றான். அடை என்று அவன் சொல்லவில்லை. அது என் யோசனை. வீட்டில் ஒழுகினால் அடைப்பது போலத்தான் நினைத்தேன். ஒழுகுவதை அடைத்தால் நல்லதுதானே. நண்டு வளையை அடைக்கிறோமே. பதினாலாம் தேதி காலை, பழைய துணி எதுவும் குழாய் நிறையுமளவுக்குக் கெட்டியாக இல்லை, அந்தச் சேலைதான் இருந்தது. களிமண்ணில் புரட்டிக் கம்பால் இடித்து உள்ளே தள்ளினேன். மறுநாள் கசிவு இரண்டு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பதினேழாம் தேதி அவர் திரும்பிவந்தார். பதினெட்டாம் தேதி அளவைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. கசிவு குறைந்தால் சந்தோஷப்படக் கூடாது, தண்ணீர் எங்கே போச்சு என்று தேட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கம்பை எடுத்தார். குழாயைப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. யாராவது அதை அடைப்பார்கள் என்று அவர் மனதில் வரவில்லை. நாலு நாளும் மத்தியானம் கரைக்குக் கஞ்சி கொண்டுபோனேன். இருபதாம் தேதி, தூக்குவாளியை வாங்கிக்கொண்டு என்னைக் கேட்டார்.

"ஏட்டி, நான் இல்லாதப்போ கரையில எதும் பாத்தியா?"

"இல்லியே" என்றேன்.

அவர் நம்பினார். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். கஞ்சியைக் குடித்து முடிக்கட்டும் என்று நினைத்தேன். குடித்து முடித்ததும், நாளைக்குச் சொல்லலாம், உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தேன். திட்டுவாரே என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னைத் திட்டியது இரண்டு தடவையோ மூன்று தடவையோ.

நவம்பர் 28

இருபத்தேழு. கசிவு பதினாலு. பாட்டில் கொஞ்சம் கலங்கல்.

நவம்பர் 30

இருபத்து மூன்றரை. கசிவு பதினொன்று. பாட்டில் தெளிவு. ஊர்க்காரர்கள் வீடு திரும்பினார்கள். போகிற வழியில் யாரும் என்னோடு பேசவில்லை. திட்டவும் இல்லை. பேச்சியம்மாள் மட்டும் ஒரு சொம்பு பால் வைத்துவிட்டுப் போனாள், ஆட்டுப்பால்.

தம்பி வயலில் மணல் மேடிட்டிருக்கிறதாம். அவன் வரவில்லை.

டிசம்பர் 1

கனகவேணிக்கு நானே போன் செய்தேன். எலி இல்லை என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டாள். அப்பா கேட்டப்ப ஏம்மா சொல்லல என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு அவள் வைத்துவிட்டாள்.

நாற்பதாம் நாள் நேற்று முன்தினமே போய்விட்டது. அவள் வரவில்லை. ரயில் நின்றுபோயிருக்கும், மழை.

டிசம்பர் 3

இருபது அடி. மழை இல்லை. கசிவு ஒன்பது.

நாளைக்குப் புது லஸ்கர் வருகிறார். விசாரணைக்குக் கூப்பிடும்போது அலுவலகத்துக்கு வர வேண்டும் என்றார் செல்வின் சார். வீட்டைக் காலி செய்ய மாதக் கடைசி வரை டைம் கொடுத்திருக்கிறார். அவருடைய சின்ன நோட்டையும் பதிவேட்டோடு சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

சார் கிளம்பும்போது ஒன்று கேட்டேன். அன்றைக்கு, அக்டோபர் இருபத்தொன்றாம் தேதியே, அந்த இடத்தில் ஈரம் வந்திருக்குமா என்று. சார் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்பவே ஊற ஆரம்பிச்சிருக்கும்மா, கம்பு வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் என்றார்.

சார் போன பிறகு கரைக்குப் போனேன். அவருடைய கம்பு இன்னும் அங்கேயே நிற்கிறது, பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை. அதில் இருந்து நடந்தேன். என் தப்படி சின்னது. அவர் வைக்கிற மாதிரி எட்டி எட்டி வைத்தேன். பன்னிரண்டு. ஜல்லியும் கல்லும் பரப்பிய இடம் வந்துவிட்டது. ஒரு பாத்திரம் தேய்க்கிற நேரம்கூட ஆகாது. அந்த இடத்தில் உட்கார்ந்தேன். அங்கேதான் அழுகை வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆடுகள் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போயின.

வீட்டுக்கு வந்து அவருடைய நோட்டை எடுத்தேன். கொடுப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். நூற்று நாற்பது வரை காய்ந்திருக்கிறது என்ற வரிக்குக் கீழே, அவருடைய பென்சிலாலேயே எழுதினேன்.

நூற்று ஐம்பத்திரண்டு. இங்கேதான்.